கொக்கு சுடவா வந்தே, தம்பி?

‘சிட்டிசன்’ படத்துல காணாமப் போன ஊர் பேரு அத்திப்பட்டி. 2001-ல் அந்தப் படம் வந்ததுல இருந்து, யாராவது ‘அத்திப்பட்டு’னு சொன்னாலே, ‘மேப்புலயே இல்லாத ஊராச்சே!’னு கலாய்க்கிறது நம்ம வழக்கம். ஸாரி பாஸ், அத்திப்பட்டு மேப்புல பத்திரமா இருக்கு. சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிச்சா, எண்ணூர் தாண்டினதும் அத்திப்பட்டு புதுநகர். அதுக்கு அடுத்தது அத்திப்பட்டு. ஒரே பேருல ரெண்டு ஸ்டேஷன் வெச்சிருக்கிற ஊரைப் போய் காணோம்னு சொல்லலாமா?

இந்த ஊருக்கு நான் போனதுக்குக் காரணம் எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல வந்த ஒரு மெசேஜ். ‘மச்சி, ஏர்கன் வாங்கப் போறேன். லைசென்ஸே வேணாமாம். சண்டே அத்திப்பட்டு பக்கம் கொக்கு சுடப் போலாமா?’ கீழே பதினேழு தம்ஸ்-அப். ஒருத்தன்கூட ‘இது சரியா?’னு கேக்கலை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணாம்னா, கொக்கைச் சுடவும் வேணாமா? அங்க சுடுற அளவுக்குக் கொக்கு இருக்கா? துப்பாக்கி அந்த ஊருக்குப் புதுசா, பழசா? நேர்ல பார்த்துடலாம்னு ஒரு சனிக்கிழமை காலையில கேமரா, டிரைபாட் சகிதம் கிளம்பிட்டேன்.

புகைபோக்கிக்கும் பூநாரைக்கும் நடுவுல...

எண்ணூர் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆத்துப் பாலத்துல ஏறுதே, அந்தச் சில நொடி போனை உள்ளே வெச்சுட்டு வெளியே பாருங்க. விரிஞ்சு கிடக்கிற தண்ணி, அலையாத்திச் செடிகள், கழுத்தளவு தண்ணியில நின்னு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவங்க. அதுக்குப் பின்னாடி வானத்தைத் தொடுற புகைபோக்கிகள். வட சென்னை அனல்மின் நிலையத்தோட முதல் கட்டம் 630 மெகாவாட், ரெண்டாவது கட்டம் 1,200 மெகாவாட். 2024 மார்ச்சில் திறந்த மூணாவது கட்டம் 800 மெகாவாட். பக்கத்துல வல்லூர்ல இன்னொரு 1,500 மெகாவாட். கடற்கரைப் பக்கம் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. என்னை மாதிரி மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஒரு திறந்தவெளி லேப்!

ஆனா, இதுங்களுக்கு நடுவுல மிச்சம் இருக்கிற தண்ணியிலதான் பறவைங்க நிக்குது. சின்னக் கொக்கு, மடையான், நீர்க்காகம், உள்ளான், சீசன்ல கூழைக்கடாவும் பூநாரையும். வடக்கே கொஞ்ச தூரத்துல பழவேற்காடு ஏரி. இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற பகுதி பறவைகள் சரணாலயம். அங்க வர்ற பறவைக்கு எண்ணூர் கழிமுகமும் ஒரே வீட்டோட இன்னொரு ரூம் மாதிரிதான்.

அந்த ரூம்ல இப்ப இடம் ரொம்பக் கம்மி. ஒரு பக்கம் சாம்பல் குட்டை, இன்னொரு பக்கம் நிலக்கரி யார்டு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிஞ்சப்போ, உடம்பெல்லாம் கறுப்பு அப்பின கூழைக்கடாக்களை நாம டி.வி-யில பார்த்தோம். இவ்வளவையும் தாண்டி உயிரோட நிக்கிற பறவையைத்தான் ‘சண்டே சுடலாமா?’னு நம்ம ஆளு கேக்கறான்.

‘பையில இன்னா, துப்பாக்கியா?’

ஸ்டேஷன்ல இருந்து நடந்து ஒரு டீக்கடையில ஒதுங்கினேன். என் தோள்ல தொங்கின டிரைபாட் பையை ஏற இறங்கப் பார்த்த பெரியவர் ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி: “கொக்கு சுடவா வந்தே, தம்பி?”

“இல்ல தாத்தா, இது போட்டோ ஸ்டாண்டு”னு பிரிச்சுக் காட்டின பிறகுதான் அவர் முகம் தெளிஞ்சது. முப்பது வருஷம் உப்பளத்துல வேலை பார்த்தவர். “சின்னப் பசங்க பைக்ல வர்றானுங்கப்பா. நீட்டப் பையி. டப்புனு சத்தம் வரும். கொக்கு வுழுந்துடுச்சுனா எடுத்துக்குவானுங்க. சேத்துல வுழுந்தா யாரு எறங்குவா? அப்டியே வுட்டுட்டுப் போயிடுவானுங்க. அது ரெண்டு நாளு ரெக்கைய அடிச்சிகினே கெடக்கும்” என்றார்.

“முன்னாடியும் இப்படிச் சுடுவாங்களா, தாத்தா?”

“எங்கப்பா காலத்துல ஜீப்புல வருவாங்களாம். ரெட்டைக்குழல் துப்பாக்கி. வாத்து, உள்ளான்னு மூட்டை கட்டிகினு போவாங்களாம். அவங்களாம் பெரிய மனுசங்க, யாரு கேக்குறது? இப்ப வர்றது உன் வயசுப் பசங்க. கேட்டா, ‘இதுக்கு லைசென்ஸ் வாணாம், தாத்தா’ன்றானுங்க!”

ஆக, குரூப்ல வந்த அதே டயலாக் அத்திப்பட்டு டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

20 ஜூல் கணக்கு

பசங்க சொல்றதுல பாதி உண்மை. 2016-ம் வருட ஆயுத விதிகள்படி, குழாயோட விட்டம் .177 இன்ச்சுக்குள்ள (4.5 மி.மீ.), குண்டு வெளியேறுற ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தா அந்த ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் கட்டாயம். .22 ஏர்கன் வாங்கிட்டு ‘இதுவும் ஏர்கன்தானே சார்’னு சொன்னா போலீஸ் கேக்காது.

சரி, 20 ஜூல்னா எவ்வளவு? ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். ஈயக் குண்டு சுமார் அரை கிராம். ½mv² போட்டுப் பார்த்தா வேகம் நொடிக்கு 283 மீட்டர். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர்! ஒலியோட வேகத்துல முக்கால் பாகத்துக்கும் மேல. ஒலிம்பிக்ல 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுத்துற ரைஃபிளுக்கே ஏழெட்டு ஜூல்தான் வரும். பீச்சுல பலூன் சுட்டிருக்கோமே, அதே குடும்பம்தான்னு நினைச்சு இதைக் கையில எடுக்கக் கூடாது. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதே சமயம், ஒரு கொக்கை உடனே வலியில்லாமக் கொல்லவும் இந்த ஆற்றல் பல நேரம் போதாது. தாத்தா சொன்ன ‘ரெண்டு நாளு ரெக்கைய அடிச்சிகினே’ அதனாலதான்.

அடுத்த பாதி, அதாவது பசங்க சொல்லாத பாதி, 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. கொக்கு, மடையான், உள்ளான் எல்லாமே பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கிற பறவைங்க. கொல்றது மட்டும் வேட்டை இல்லை. காயப்படுத்துறது, விரட்டிப் பிடிக்கிறது, முட்டையை, கூட்டைக் கலைக்கிறது, ஏன்... முயற்சி பண்றதுகூட வேட்டைதான். குறி தப்பிடுச்சுனு சொல்லித் தப்பிக்க முடியாது. முன்னாடி காக்கா, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி நாலும் ‘தொல்லை தரும் உயிரினம்’னு ஒரு தனிப் பட்டியல்ல இருந்துச்சு. 2022-ம் வருடத் திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. காக்காவும் இப்ப பாதுகாப்புக்குள்ள வந்தாச்சு.

ஸோ, கணக்கு சிம்பிள். ஏர்கன்னை வீட்ல வெச்சுக்க லைசென்ஸ் வேணாம். ஆனா, அதை வெச்சு அத்திப்பட்டுல சுடக்கூடிய ஒரு பறவைகூட இல்லை!

கலெக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு

துப்பாக்கிக்காரங்க பறவையைத் தேடி வர்றதும், ஊர்க்காரங்க தடுக்கிறதும் நம்ம பக்கத்துக்குப் பழைய கதை. 1997-க்கு முன்னாடி திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தோட சேர்ந்துதான் இருந்துச்சு. அந்தப் பழைய மாவட்டத்தோட தெற்குப் பக்கம் வேடந்தாங்கல். 18-ம் நூற்றாண்டு கடைசியில, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்க ஏரியில பறவைகளைச் சுட்டுட்டுப் போக, ஊர் ஜனங்க கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் நின்னாங்க. பறவைங்க எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கிறது அவங்க அனுபவம். பறவைகளைக் காப்பாத்துற உரிமை ஊருக்கு உண்டுன்னு கலெக்டர் ‘கவுல்’ எழுதிக் கொடுத்தார். வனவிலங்குச் சட்டம் வர்றதுக்கு ஏறக்குறைய 175 வருஷம் முன்னாடி! அந்த விவசாயிங்க பறவையைப் பூச்சியோட சேர்த்துப் பார்க்கலை. பயிருக்கு வேலை செய்யற ஆளாப் பார்த்தாங்க.

துப்பாக்கியைக் கீழே வெச்சவங்க

1972 சட்டம் வந்தப்போ துப்பாக்கியைக் கீழே வெச்சவங்கள்ல பெரிய இழப்பு யாருக்குத் தெரியுமா? ஜீப்புல வந்த பெரிய மனுஷங்களுக்கு இல்லை. அவங்களுக்குப் போனது பொழுதுபோக்கு மட்டும். நரிக்குறவர்களுக்குப் போனது சோறு.

நாட்டுத் துப்பாக்கியில மருந்தும் பால்ரஸும் கெட்டிச்சு, காடை, கௌதாரி, கொக்குனு வேட்டையாடி வித்துப் பிழைச்ச சமூகம் அது. வயல்ல நரி, எலித் தொல்லைன்னா விவசாயியே அவங்களைத் தேடிப் போன காலமும் உண்டு. சட்டம் வந்ததும் வேட்டை குற்றமாச்சு. கையில ஊசியும் பாசிமணியும் வந்துச்சு. மீஞ்சூர் பிளாட்பாரத்துல மணி கோர்த்துக்கிட்டிருந்த ஒரு பாட்டிகிட்ட துப்பாக்கி பத்திக் கேட்டேன். “எங்க மாமனார் வெச்சிருந்தாரு, சாமி. அவரோட போச்சு. இப்ப எம் பேரன் காலேஜு போறான், அவனுக்குத் துப்பாக்கி புடிக்கவே தெரியாது” என்று சிரித்தார். அவங்க பல வருஷமா கேட்டுக்கிட்டிருந்த பழங்குடி அந்தஸ்து கிடைச்சது 2023 ஜனவரியில. வேட்டைத் தடைக்கும் இதுக்கும் நடுவுல அரை நூற்றாண்டு!

பாட்டி வீட்ல பசிக்காகக்கூட ஒரு மடையானைச் சுட முடியாது. நம்மாளு ஏசி ரூம்ல உக்காந்து வாங்கின துப்பாக்கியால ‘சும்மா’ சுடலாம்னு நினைக்கிறான். யோசிச்சா கொஞ்சம் கூசுது இல்ல?

எலிக்கு எதுக்குத் துப்பாக்கி?

‘சரிடா, விவசாயம் பண்றவங்க பூச்சி, எலியை என்ன பண்றது?’னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. அத்திப்பட்டைத் தாண்டி பொன்னேரிப் பக்கம் போனா ரெண்டு பக்கமும் நெல்லு வயல்தான். அங்க விவசாயியோட முதல் எதிரி வரப்புக்குள்ள வளை தோண்டுற எலி. ராத்திரியில வெளிய வர்ற எலியை, வளைக்குள்ளேயே குடும்பம் நடத்துற எலியை, ஏர்கன்னால எத்தனை சுடுவீங்க?

அதுக்கு இந்த மாவட்டத்துல வேற ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க. இருளர்கள். வரப்புல நடந்து பார்த்தே எந்த வளையில ஆள் இருக்கு, எது காலினு சொல்லிடுவாங்க. மத்த ஓட்டைகளை அடைச்சுட்டு, ஒரு மண்பானையில வைக்கோலைக் கொளுத்தி, வாயால ஊதிப் புகையை உள்ளே அனுப்புவாங்க. மயங்கி வர்ற எலியைக் கையால பிடிப்பாங்க. வளைக்குள்ள எலி சேர்த்து வெச்ச நெல்லும் அவங்களுக்கு. எல்லாம் சரி, ஆனா வருஷக்கணக்கா புகை ஊதி உதடு வெந்து, நுரையீரல் கெட்டுப்போறது யாருக்கும் தெரியாத பக்கம்.

இதுல ஒரு சூப்பர் இன்ஜினீயரிங் கதை இருக்கு. சென்னையைச் சேர்ந்த சேதுநாராயணனோட தொண்டு நிறுவனம், இருளர்களுக்காக ஒரு ஸ்டீல் புகைக் கருவியை உருவாக்குச்சு. வாயால ஊத வேண்டாம். கைப்பிடியைச் சுத்தினா போதும், புகை வளைக்குள்ள போயிடும். 2003-ல் உலக வங்கி நடத்திய சர்வதேசப் போட்டியில இதுக்குப் பரிசு கிடைச்சது. ஒரு கைப்பிடி, ஒரு டிரம். புராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைனு புலம்புற ஃபைனல் இயர் மக்களே, கவனிங்க!

இதைத் தவிர டெல்டாவுல மூங்கில்ல செய்யற தஞ்சாவூர் கிட்டி இருக்கு. ராத்திரியில கூகை வந்து உட்கார வயல் நடுவுல ‘T’ வடிவத்துல குச்சி நடுற வழக்கம் இருக்கு. கூகை எலியைப் பிடிக்கும். கொக்கும் மடையானும் பூச்சியைப் பொறுக்கும். ஏர்கன் எடுத்துட்டு வர்ற பசங்க சுடுறது இதே கொக்கைத்தான், இதே மடையானைத்தான். பூச்சியை ஒழிக்கிறேன்னு கிளம்பி, பூச்சி பிடிக்கிற ஆளைச் சுட்டுட்டு வர்றதுக்குப் பேரு என்ன?

நிஜமான பிரச்னை, நிஜமான துப்பாக்கி

எல்லாத்தையும் புகை போட்டு முடிச்சுட முடியாதுங்கிறதும் உண்மை. மேற்கு மாவட்டங்கள்ல ஒரே ராத்திரியில கிழங்கு, கடலையை எல்லாம் உழுதுபோட்டுப் போற காட்டுப்பன்றி அப்படிப்பட்டது. பயிர்ப் பாதுகாப்புக்காக, மருந்து கெட்டிக்கிற குழல் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ம் வருட ஆயுதச் சட்டத்துலேயே இடம் இருக்கு. ஆனா உரிமம் இருக்குங்கிறதுக்காகப் பன்றியைச் சுட்டுட முடியாது. அதுக்கு வனத்துறை அனுமதி தனி.

கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரங்களை வெச்சுப் பன்றியைச் சுட வழி பண்ணுச்சு. தமிழ்நாடு 2025 ஜனவரியில வேற பாதையை அறிவிச்சது. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு மேலன்னா வனத்துறையே சுடும். ரெண்டுல எது சரினு நீங்க டிபேட் பண்ணலாம். ஆனா ரெண்டு இடத்துலயும் ஒண்ணு பொது: யார், எங்க, எதைச் சுடணும்னு ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். ‘சண்டே போலாமா’ மெசேஜ்ல அந்தக் கையெழுத்து இல்லை.

ஏர்கன்னைத் திருப்பிக் கொடுத்த ஊர்

நம்மள மாதிரியே ஏர்கன் பிரச்னையில மாட்டின இன்னொரு மாநிலம் அருணாசலப் பிரதேசம். அங்க வேட்டை பரம்பரைப் பழக்கம். வீட்டுக்கு வீடு ஏர்கன். காடு அமைதியாகிட்டே வந்துச்சு. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டம் லும்டுங் கிராமத்துல ‘ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம்’ ஆரம்பிச்சாங்க. ரெய்டு கிடையாது, வழக்கு கிடையாது. தானா முன்வந்து ஒப்படைக்கணும், அவ்வளவுதான். ரெண்டாயிரத்துக்கும் மேல ஏர்கன் வந்து குவிஞ்சது.

இந்தியாவோட பறவை மனிதர் சாலிம் அலி கதையும் ஏர்கன்ல இருந்துதான் தொடங்குது. சின்னப் பையனா இருக்கும்போது ஒரு குருவியைச் சுட்டார். கழுத்துல மஞ்சள் திட்டு. என்ன குருவினு தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துட்டுப் போனார். அங்க இருந்த மில்லர்ட் என்ற ஆங்கிலேயர், அது என்ன பறவைனு சொன்னதோட அலமாரி அலமாரியா பறவைங்களைத் திறந்து காட்டினார். அந்தப் பையன் அப்படியே பறவை உலகத்துக்குள்ள போயிட்டார். 1985-ல் வந்த அவரோட சுயசரிதைக்குத் தலைப்பே அந்தக் குருவி விழுந்ததைப் பத்தினதுதான். குருவி பேரு என்னனு கேக்கத் தோணுச்சே, அங்கதான் திருப்பம்.

சுட்டே ஆகணுமா?

‘எனக்குக் குறி பார்க்கிறதே பிடிக்கும்’னு சொல்றவங்களை நான் கிண்டல் பண்ணலை. அது அருமையான விளையாட்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்ததே அபினவ் பிந்த்ராவோட ஏர் ரைஃபிள்தான். உலக அளவுல கலக்கின இளவேனில் வாலறிவன் பிறந்தது நம்ம கடலூர்ல. 10 மீட்டர் தூரத்துல அவங்க குறி வைக்கிற பத்தாம் நம்பர் புள்ளியோட அகலம் அரை மில்லிமீட்டர்! சேத்துல அசையாம நிக்கிற கொக்கைச் சுடுறதுக்கும் இதுக்கும் திறமையில எவ்வளவு தூரம்னு நீங்களே அளந்துக்கங்க. ரைஃபிள் கிளப்ல சேர்ந்தா கோச் இருப்பார், குண்டு நிக்கிற சுவர் இருக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இருக்கும்.

இதையெல்லாம் எழுதி நம்ம குரூப்ல போட்டேன். பதினேழு தம்ஸ்-அப் போட்டவங்கள்ல மூணு பேர் எடுத்துட்டாங்க. மெசேஜ் போட்டவன் மட்டும் ‘அப்ப காக்காகூட சுடக் கூடாதா?’னு கேட்டான். கூடாதுடா!

ஒரு நிமிஷம்... இதைப் படிச்சுட்டுப் போங்க!

* நிஜத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க 21 வயசு முடிஞ்சிருக்கணும். (எனக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி!)

* பட்டியல்ல இருக்கிற பறவையை வேட்டையாடினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். மயில் மாதிரி முதல் பட்டியல் உயிரினம்னாலோ, சரணாலயத்துக்குள்ள வேட்டைனாலோ குறைஞ்சபட்சமே மூணு வருஷம். ஏழு வருஷம் வரை போகும்.

* பழவேற்காடு மாதிரி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழைஞ்சாலே குற்றம். சுட்டிருக்கணும்னு இல்லை.

* சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற துப்பாக்கி லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பேரை வனத்துறையில பதிவு பண்ணணும்.

* தெருநாய், பூனையை ஏர்கன்னால சுட்டா பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவுப்படி அஞ்சு வருஷம் வரை சிறை.

* குண்டு ஈயம். வாத்து இரையை அரைக்கக் கூழாங்கல்லை விழுங்குறப்போ சேத்துல கிடக்கிற ஈயக் குண்டையும் சேர்த்து விழுங்கும், விஷமேறிச் சாகும். அமெரிக்கா 1991-லயே வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை பண்ணிடுச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தோட சதுப்புநிலங்கள்ல 2023-ல் இருந்து தடை.

பொங்கல் லீவுல ஃப்ரீயா இருந்தா ஒரு வேலை இருக்கு. 2015-ல் இருந்து தமிழ்நாடு முழுக்க பொங்கல் நாட்கள்ல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பதினஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நின்னு, கண்ணுல பட்டதை எண்ணிப் பதிவு பண்ணா போதும். மெரினாவுலயும் கிண்டியிலயும் எண்ண நிறையப் பேர் இருக்காங்க. அத்திப்பட்டு உப்பளத்தோரமும் கொசஸ்தலை ஆத்தோரமும் எண்ணத்தான் ஆள் வேணும். எத்தனை இருந்துச்சுனு யாரும் எழுதி வைக்காத இடத்துல, எத்தனை காணாமப் போச்சுனு நாளைக்கு யாருக்கும் தெரியாது. டீக்கடைத் தாத்தாகிட்ட மட்டும் பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க!